பேச்சு வரும்வரை புத்தகத்தை மூடி வைக்க வேண்டுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கவலையைத்தான் சுமந்து வந்திருக்கின்றன. பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, அல்லது நாலைந்து சொல்லோடு நின்றுவிட்டது. படிப்பை எப்படித் தொடங்குவது? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன்.

என் மகனுக்கு ஆறு வயது. டவுன் சிண்ட்ரோம். அம்மா, தா, இல்ல, இப்படி நாலைந்து சொல்தான். அதுவும் வீட்டு ஆட்களுக்குத்தான் புரியும். பள்ளியில் "முதலில் பேச்சு வரட்டும், அப்புறம் எழுத்துப் பக்கம் போகலாம்" என்கிறார்கள். அவனோ எந்நேரமும் பேப்பரும் காலண்டருமாக இருக்கிறான். நானே வீட்டில் ஆரம்பிக்கலாமா?
– ஒரு தாய், கோவில்பட்டி

தாராளமாக ஆரம்பியுங்கள். முதலில் பேச்சு, அப்புறம் படிப்பு என்பது மற்ற பிள்ளைகளைப் பார்த்துப் போட்ட வரிசை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் பலருக்குக் காதில் விழுந்ததைப் பிடித்து வைப்பதுதான் சிரமம். கண்ணில் பட்டது நன்றாகத் தங்கும். வாயால் சொன்ன சொல் அப்போதே காற்றோடு போய்விடுகிறது. எழுதின சொல், அவன் நிதானமாகப் பார்த்து முடிக்கிறவரை இருக்கிற இடத்தில் இருக்கும்.

இதை முதலில் ஊருக்குச் சொன்னவர் ஒரு அப்பா. இங்கிலாந்தில் லெஸ்லி டஃபென் என்பவர், டவுன் சிண்ட்ரோம் உள்ள தன் மகள் சாராவுக்குச் சின்ன வயதிலேயே சொல் அட்டைகளைக் காட்டிப் படிக்கப் பழக்கினார். படிப்பு அவளுடைய பேச்சுக்கும் உதவுகிறது என்பதைக் கவனித்தார். போர்ட்ஸ்மத்தில் இருந்த உளவியலாளர் சூ பக்லிக்கு இந்த விவரம் போய்ச் சேர்ந்தது. 1980 வாக்கில் அவர் தொடங்கிய ஆய்வுகளுக்கு அதுதான் விதை. சரளமாகப் பேச வருமுன்பே சில பிள்ளைகள் சொற்களைப் படிக்கிறார்கள், படித்த சொல் பிறகு வாய்க்கும் வருகிறது என்பதை அந்த ஆய்வுகள் காட்டின.

அட்டை வெட்டுவதற்கு முன் காதையும் கண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது சகஜம். சளி பிடித்த மாதத்தில் பாதி கேட்காமலே போகும். கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாத பிள்ளைகளும் உண்டு. கண்ணாடி போட வேண்டிய பிள்ளையை "கவனமே இல்லை" என்று திட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

எந்தச் சொல்லில் தொடங்குவது? வீட்டுக்கு வீடு "அம்மா, அப்பா" என்றுதான் எழுதுகிறார்கள். ஆசை புரிகிறது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் அ, கடைசியில் கால், நடுவில் புள்ளி வைத்த ஒரு எழுத்து. ம-வுக்கும் ப-வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். புதிதாகப் பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் முதல் ஜோடியாக "அம்மா", "பூரி" மாதிரி எடுங்கள். நீளம், வடிவம் எல்லாமே வேறாக இருக்கும். அப்பா ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளட்டும். பால், பல் இரண்டையும் ஒரே வாரத்தில் காட்டாதீர்கள். அவன் பெயர், பிடித்த தின்பண்டம், வீட்டு நாய், பஸ் என்று அவனுக்கு வேண்டியதை எடுங்கள். பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் அணில் இருக்கிறது என்பதற்காக அணிலோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

வெள்ளை சார்ட்டைப் போஸ்ட் கார்டு அளவில் வெட்டி, கறுப்பு மார்க்கரால் பெரிதாக எழுதுங்கள். எல்லாமே ஒரே நிறம், ஒரே அளவு. அழகுபடுத்த நினைத்து "பால்" என்பதை நீலத்தில் எழுதினால் அவன் நீலத்தைத்தான் படிப்பான். சொல்லுக்குப் பக்கத்திலேயே படத்தையும் ஒட்டாதீர்கள். படம் இருந்தால் கண் படத்துக்குத்தான் போகும், எழுத்தை யார் பார்ப்பார்கள்? படத்தைத் தனி அட்டையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி செய்முறை. மூன்று படி. முதலில் ஜோடி சேர்ப்பது: கீழே "அம்மா", "பூரி" இரண்டு அட்டை, அவன் கையில் இன்னொரு "பூரி". எதன் மேல் வைப்பான்? வைத்தவுடன் "பூரி" என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும். அது பழகியதும் எடுப்பது: "பூரி எடு", "பூரி எங்கே? அத்தைகிட்ட குடு". கடைசிப் படி சொல்வது. இதில்தான் பெரியவர்கள் எல்லோரும் அவசரப்படுகிறோம். அட்டையை மூக்குக்கு நேராக நீட்டி "சொல்லு... சொல்லு... இது என்ன, சொல்லு" என்றால், பேச்சு வராத பிள்ளைக்கு அது தினமும் நடக்கும் பரீட்சை. "சொல்லு" என்பதைக் கொஞ்ச நாளைக்கு நாக்கிலிருந்து எடுத்துவிட்டு "எடு", "குடு", "காட்டு" என்று மாற்றுங்கள். "பூரி" அட்டையைப் பார்த்துவிட்டு அவன் "பூ" என்றாலும் சரி, அடுப்பைக் கை காட்டினாலும் சரி, சாப்பிடுவது போலச் சைகை செய்தாலும் சரி. படித்துவிட்டான் என்றே கணக்கு.

தப்பாக எடுத்தால் "இல்லை, தப்பு" எல்லாம் வேண்டாம். சரியான அட்டையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்து மறுபடி கேளுங்கள். ஐந்து நிமிஷம் போதும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார வைக்காதீர்கள், தூங்கி வழிவான்.

பெயர்ச்சொற்களோடு நின்றுவிடாமல், அவன் கையில் கொஞ்சம் அதிகாரத்தையும் கொடுங்கள். "இன்னும்", "வேண்டாம்", "போதும்", "வா", "உதவி" போன்ற சொற்கள்தான் ஒரு பிள்ளையின் நாளை மாற்றும். (வேண்டும், வேண்டாம் இரண்டையும் சேர்த்துத் தொடங்கினால் அம்மா அப்பா கதைதான். முதலில் "வேண்டாம்" வரட்டும். வேண்டுமென்றால் அவன் எப்படியும் எடுத்துக்கொள்வான்!) மதுரையில் என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள், வாயில் ஒரு சொல்லும் கிடையாது. "போதும்" அட்டையை முறுக்கு சாப்பிடும்போது பழக்கினோம். ஒருநாள் நான் மும்முரமாக நிறம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது எழுந்து போய், மேசை ஓரத்தில் கிடந்த அட்டைகளைக் கிளறி, அதை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். பாடத்தை அங்கேயே மூட வேண்டியதாயிற்று. அப்படி மூடத்தான் வேண்டும். அவள் படித்துக் காட்டியதற்கு மதிப்பு இல்லையென்றால் அடுத்த அட்டையை ஏன் படிக்கப் போகிறாள்?

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, டால்ச் சைட் வேர்ட்ஸ் அட்டைகள் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறான். மகளுக்கு ஏழு வயது, ஆட்டிசம், பேச்சு மிகக் குறைவு. இந்த அட்டைகளையே பழக்கலாமா, அல்லது அதே சொற்களைத் தமிழில் எழுதிக்கொள்ளலாமா?
– ஒரு தந்தை, திருப்பூர்

பெட்டியை மேலே எடுத்து வையுங்கள் சார். தம்பிக்கு நன்றி சொல்லிவிடுங்கள்.

எட்வர்ட் டால்ச் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1936ல் வெளியிட்ட பட்டியல் அது. மொத்தம் 220 சொற்கள், பெயர்ச்சொல் ஒன்றுகூட அதில் இல்லை. ஆங்கிலப் புத்தகத்தில் வரிக்கு வரி வரும் 'தி', 'ஆஃப்', 'வாஸ்', 'ஸெட்' போன்ற சின்னச் சின்னச் சொற்கள்தான் பெரும்பாலும். அவற்றில் பலவற்றுக்கு எழுத்து ஒன்று, உச்சரிப்பு இன்னொன்று. கூட்டிப் படித்தால் வராது. அதனால் பார்த்த மாத்திரத்தில் தெரியும்படி மனதில் ஏற்றிவிடுகிறார்கள்.

தமிழில் அந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. நமக்கு வேறு தொல்லை. ஆங்கிலம் தனிச் சொல்லாக எழுதுவதை நாம் சொல்லின் வாலில் ஒட்டிவிடுகிறோம். வீடு, வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து. "வீடு" அட்டையை நன்றாகப் படிக்கிற பிள்ளை "வீட்டுக்கு" என்பதைப் பார்த்து முழிப்பாள். அது அவள் குறையில்லை, சொல்லின் முகமே மாறிவிட்டது. டால்ச் பட்டியலைத் தமிழாக்கினால் பல சொற்களுக்குத் தனி அட்டையே போட முடியாது. அதனால் உங்கள் வீட்டில் புழங்குகிற வடிவத்தையே எழுதுங்கள். நீங்கள் அவளிடம் தினமும் "கடைக்கு" என்றுதான் சொல்கிறீர்கள் என்றால் அட்டையில் "கடைக்கு" என்றே இருக்கட்டும். இலக்கணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆங்கிலமா தமிழா என்றும் மறைமுகமாகக் கேட்டிருக்கிறீர்கள். அவளிடம் வீட்டில் எதில் பேசுகிறீர்களோ அதில். காதுக்குப் பழகாத மொழியில் அட்டையைக் காட்டினால், அதை வடிவமாகத்தான் ஞாபகம் வைப்பாள், பொருள் சேராது. ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கிறாள், பள்ளியிலும் வீட்டிலும் 'பஸ்', 'வாட்டர் பாட்டில்' என்கிறீர்கள் என்றால் அந்தச் சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பதில் தப்பில்லை.

அட்டை, சைகை என்று பழக்கினால் பிள்ளை சோம்பேறியாகிப் பேசவே மாட்டான் என்கிறார் என் மாமியார்.
– பெயர் வேண்டாம், தேனி

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: அப்படி ஆவதில்லை. சைகை, படம், கருவி போன்ற மாற்று வழிகளைப் பழகிய பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2006ல் ஒரு கட்டுரை வந்தது. அதில் நம்பகமாக நடத்தப்பட்டவை என்று எடுத்துக்கொண்டவற்றில், பேச்சு குறைந்துபோனதாக ஒருவர்கூட இல்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. பேச முடிந்த பிள்ளை பேசத்தான் செய்யும். அட்டை தேடுவதைவிட வாயைத் திறப்பது சுலபம் இல்லையா?

பேரனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். பேச மாட்டான். ஆனால் ஆவின் பூத் தாண்டும்போது கையைப் பிடித்து இழுக்கிறான், பிஸ்கட் பாக்கெட்டுகளைப் பெயர் சொன்னால் சரியாக எடுக்கிறான். இவனுக்குப் படிக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்ளலாமா?
– ஒரு தாத்தா, கும்பகோணம்

பாதி தெரியும் ஐயா. நிறம், பாக்கெட் வடிவம், சின்னம் எல்லாவற்றையும் சேர்த்து அடையாளம் கண்டுகொள்கிறான். படிப்பின் வாசல் அது. உள்ளே வந்துவிட்டானா என்று பார்க்க, அதே பெயரை வெள்ளை அட்டையில் கறுப்பில் எழுதி, இன்னும் இரண்டு சொற்களோடு கலந்து வையுங்கள். எடுத்தால் படிக்கிறான். திணறினால், பாக்கெட்டின் மேலட்டையிலிருந்து பெயர் உள்ள துண்டை மட்டும் வெட்டி, அதை முதலில் காட்டுங்கள். அடுத்து அதன் ஜெராக்ஸ், நிறம் போய்விடும். அதற்கும் அடுத்து உங்கள் கையெழுத்து.

இன்னொன்றும் பாருங்கள். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகள் எழுத்தைக் கண்டால் விடமாட்டார்கள், பார்த்த சொல்லை எல்லாம் அடையாளம் காண்பார்கள், ஆனால் பொருள் பிடிபட்டிருக்காது. ஒரே மாதிரி அட்டையை ஜோடி சேர்த்தால் மட்டும் போதாது. "செருப்பு" என்று எழுதியதை ஒன்றும் பேசாமல் அவன் கையில் கொடுங்கள். செருப்பு வருகிறதா? வந்தால் சொல்லும் பொருளும் சேர்ந்துவிட்டன. கையோடு அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு சுற்று அழைத்துப் போய்விட்டு வாருங்கள். எடுத்ததற்குப் பலன் அதுதான், மிட்டாய் தேவையில்லை.

மகளுக்கு மூளை முடக்குவாதம். எட்டு வயது. பேச்சும் இல்லை, கையால் எதையும் எடுக்கவும் முடியாது. நீங்கள் போன இதழில் சொன்ன அட்டை விளையாட்டெல்லாம் இவளுக்கு எப்படி? ஒருவர், கையைப் பிடித்துத் தட்டச்சு செய்ய வைத்தால் கவிதையே எழுதுவாள் என்கிறார்.
– ஒரு தாய், வேலூர்

கண் இருக்கிறதே. கண்ணால் எடுக்கட்டும்.

முதலில் உட்காரும் நிலை. தலையை நிறுத்தவே போராடுகிற பிள்ளைக்குப் படிக்க மிச்சத் தெம்பு இருக்காது. இடுப்பு நாற்காலியின் பின்பக்கம் வரை போய் ஒட்டி, கால்கள் பலகையில் பதிந்து, தலைக்கு இரு பக்கமும் முட்டுக் கொடுத்து உட்கார வைத்தபின் தொடங்குங்கள். பிசியோதெரபிஸ்டைக் கேட்டால் உங்கள் வீட்டு நாற்காலியிலேயே துண்டு சுருட்டி வைத்துச் சரிசெய்து தருவார்.

இரண்டு அட்டைகளை ஒரு முழ இடைவெளியில் அவள் கண் மட்டத்துக்குப் பிடியுங்கள். "பால் எது? பார்." காத்திருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள், அதற்குள் மறுபடி கேட்காதீர்கள். இந்தப் பிள்ளைகளுக்குப் பதில் தெரிவது ஒரு வேலை, கண்ணை அங்கே கொண்டுபோய் நிறுத்துவது தனி வேலை. ஒரு அட்டையில் பார்வை தங்கினால் அதுதான் பதில். பழகியபின் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட்டின் நாலு மூலையிலும் அட்டைகளை ஒட்டி, நடுவில் ஒரு ஓட்டை வெட்டி அதன் வழியாக அவள் கண்ணைப் பாருங்கள். எந்த மூலைக்குப் போகிறது என்பது தெளிவாகத் தெரியும். ஒரு எச்சரிக்கை: சரியான அட்டையை நீங்களே பார்த்துவிடுவீர்கள். நம் பிள்ளைகள் நம் கண்ணைப் படிப்பதில் மகா கெட்டிக்காரர்கள். இடது வலது மாற்றி மாற்றி வையுங்கள், கேட்கும்போது அவள் மூக்கைப் பாருங்கள்.

கையைப் பிடித்துத் தட்டச்சு செய்ய வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிடிக்கிறவருக்குப் பதில் தெரியாதபடி மறைத்துச் சோதித்த போதெல்லாம், எழுதுவது பிடித்த கை என்றே தெரிந்தது. அமெரிக்காவில் பேச்சு, மொழி, கேட்டல் வல்லுநர்களின் தேசியச் சங்கமும் 2018ல் இதை வேண்டாம் என்று அறிக்கை விட்டிருக்கிறது. உங்கள் மகளுக்குக் கவிதை வருமோ வராதோ, வருவது அவளுடையதாக இருக்க வேண்டும். கருவி தேவையென்றால் சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் பேசும். மூளை முடக்குவாதம் உள்ளவர்களோடு 1985லிருந்து வேலை செய்யும் சென்னை வித்யா சாகர் போன்ற இடங்களில், அவளுக்கு எந்த வழி ஒத்துவரும் என்று பார்த்துச் சொல்வார்கள்.

அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். மூன்றாம் வகுப்பில் பேச்சு வராத ஒரு மாணவன், முதல் வகுப்பிலிருந்தே 'அரும்பு' என்கிற தொடக்க நிலையிலேயே இருக்கிறான். முப்பது பிள்ளைகளோடு இவனுக்கு என்ன செய்ய முடியும்?
– ஓர் ஆசிரியை, அரியலூர்

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பிலிருந்து அடுத்த நிலையான மொட்டுக்குப் போக, வாசித்துக் காட்டச் சொல்கிறோம். வாய் திறக்காதவன் எப்படிக் காட்டுவான்? கேள்வியைத் திருப்பிப் போடுங்கள் டீச்சர். "இதைப் படி" என்பதற்குப் பதிலாக, மூன்று அட்டை வைத்து "மரம் எடு". வாக்கியம் என்றால், அதற்குரிய படத்தை எடுக்கச் சொல்லுங்கள். மற்ற முப்பது பேரும் படித்து முடிக்கும் நேரத்தில் ஒரு தோழன் இதை அவனிடம் கேட்டு முடித்துவிடுவான். காலை வருகைப் பதிவுக்கு எல்லோருடைய பெயரையும் அட்டையில் எழுதி வைத்து, அவரவர் பெயரை எடுத்துப் பையில் போடச் செய்யுங்கள். அவனுக்கு என்று தனியாக ஒன்றும் செய்த மாதிரி இருக்காது, வகுப்புத் தோழர்கள் பெயரெல்லாம் வருஷ முடிவில் கண்ணுக்குப் பழகியிருக்கும்.

வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வரும்போது இதையே தொடரச் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பேச்சுக்குத் துணையாக மாற்றுத் தொடர்பு முறைகளை ஊக்குவிக்கச் சொல்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு என்று சான்று உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை பாடப்பொருளும் உதவிக் கருவிகளும் இலவசமாகத் தரச் சொல்வதும் அதே பிரிவுதான். தலைமையாசிரியரிடம் பேசும்போது இந்தப் பிரிவு எண்ணைச் சொன்னால் பேச்சு சீக்கிரம் முடியும்.

மகனுக்கு ஐம்பது அறுபது சொல் அட்டைகள் தெரியும், பேச்சு சில ஒலிகள் மட்டும். இப்படியே நூறு, இருநூறு என்று ஏற்றிக்கொண்டே போகலாமா?
– ஒரு தாய், காரைக்குடி

வேண்டாம். அட்டையோடே நின்றுவிட்டால், நீங்கள் எழுதித் தராத சொல்லை அவனால் ஒருநாளும் படிக்க முடியாது. எழுதவும் முடியாது. இனி எழுத்துக்குள் இறங்குங்கள். ஒலியே எழுப்பாத பிள்ளைக்கும் ஒலி சொல்லித் தரலாம், ஒலிக்க வேண்டியது நீங்கள்.

மூன்று படம் வையுங்கள்: பால், யானை, மரம். "பா...ல்" என்று இழுத்து, துண்டாக்கிச் சொல்லுங்கள். அவன் மனதுக்குள் ஒட்டிப் படத்தைத் தொட வேண்டும். பிடித்துவிட்டான் என்றால் படங்களை நெருக்குங்கள்: பால், பாய், பாம்பு. இப்போது கடைசி ஒலியைக் கேட்டே ஆக வேண்டும்.

எழுத்தை அவனுக்குத் தெரிந்த சொல்லிலிருந்தே பிரித்தெடுங்கள். பால், பாட்டி, பாப்பா மூன்றையும் அடுக்கி, பா-வை விரலால் மூடித் திறங்கள். தமிழ் எழுத்து 247 என்று கேட்டாலே தலை சுற்றும். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் ஒரு டஜன் குறிகளும் பிடிபட்டால் மீதியில் பெரும்பாலானவை தானாக விழும்; கு, மு, டு, கூ என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும் உ, ஊ வரிசைதான் விதிவிலக்கு. குறிகளில் முதலில் கால், அப்புறம் இ, ஈ. கொம்புகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். "கை" என்பதில் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. "கொடு" என்பதில் ஒலி ஒன்று, குறியோ எழுத்தின் இரு பக்கமும். ஒலி வரிசையைக் கண்ணால் தேடுகிற பிள்ளை இங்கேதான் குழம்பும். அதனால் கால் வைத்த எழுத்துகளைத் துண்டு துண்டாக வெட்டிச் சேர்க்கிற விளையாட்டு விளையாடினாலும், கை, பை, தே, கொ போன்றவற்றைக் குறியோடு சேர்த்து ஒரே அட்டையாகவே வைத்திருங்கள். அவன் நாற்பது ஐம்பது எழுத்துகளைத் தடுமாறாமல் எடுக்கத் தொடங்கிய பிறகு கத்தரிக்கோலை எடுக்கலாம்.